உன் கல்யாணத்துக்கு அத்தை வராத காரணம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம்தான், அவளுடைய இடது முழங்காலையும் என்னுடைய வலது காதையும் ஆட்டத்தில் சேர்க்காவிட்டால். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறக்கிறேன். குட்டிக்கு இருமல் நின்றதா, போனில் பேசும்போது இரண்டு தடவை இருமினாள், மூன்றாவது தடவை தாத்தாவைச் சிரிக்க வைக்க இருமினாள் என்று அம்மா சொல்கிறாள், எதற்கும் டாக்டரிடம் ஒரு நடை போய்விட்டு வந்துவிடு. அம்மா இப்போது நீச்சல் குளத்துக்குப் போகிறாள், நம்புவாயா, அறுபத்திரண்டு வயதில். முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லப்போக, இவள் ரப்பர் தொப்பியெல்லாம் வாங்கிக்கொண்டு செவ்வாயும் வியாழனும் கிளம்பிவிடுகிறாள். நான் கரையில் உட்கார்ந்து துண்டுக்குக் காவல். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்ததே, அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்பேனரோடு இறங்கினேன், இப்போது குளியலறைக் குழாயிலும் தண்ணீர் வருவதில்லை. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "சார், இனிமே நீங்க பேப்பர் படிக்கிறதோட நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை இன்றுவரை ஆறு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, அப்பா எதற்குக் காகிதத்தைத் தேடி எடுத்தார் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பேசினோமே, அதற்காகத்தான். அத்தை போய் ஐந்து வாரம் ஆகிறது, அவள் தொண்டு செய்துவந்த சம ஊதியக் குழுக்காரர்கள் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அவளுக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள், சின்னதாக ஒரு புத்தகமும் போடுகிறார்கள், நீயும் நாலு வரி எழுதிக் கொடேன் என்று கேட்டேன். "எனக்கு எழுத ஒண்ணும் இல்லப்பா, தூக்கி வளர்த்த பொண்ணோட கல்யாணத்துக்கே வராதவங்க, அவங்களைப் பத்தி நான் என்னத்த எழுத" என்று சொன்னாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாய். நானும் சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரிம்மா ஒரு வாரமாக என்னைச் சாப்பிட விடவில்லை. அத்தை வராததற்குக் காரணம் அத்தை இல்லை, நான்தான். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்து முடித்த பிறகு நீ என்னோடு பேசுவாயோ மாட்டாயோ தெரியாது, அந்தப் பயத்திலேயே ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன். போனில் சொன்னால் நடுவில் பூசி மெழுகிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். காகிதத்தில் என்றால் அடித்து எழுதியதாவது உன் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் அத்தையைப் பற்றி உனக்குத் தெரியாததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்கு அவள் பாதி அம்மா, ஆனால் ஆபீஸில் அவள் எப்படி இருந்தாள் என்று நீ பார்த்ததில்லை. பத்தொன்பது வயதில் அந்தக் காப்பீட்டு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். மாலை வகுப்பில் படித்தாள், பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி நிதிப் பிரிவுக்குள் நுழைந்தாள். முதல் பதவி உயர்வு வந்த மாதமே சம்பளப் பட்டியல் தயாரிக்கிற வேலை அவள் மேஜைக்கு வந்தது. அவளோடு ஒரே நாளில் உயர்வு வாங்கிய பக்கத்து மேஜைக்காரர் அவளைவிட நிறையவே அதிகம் வாங்குகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நேரே மேலதிகாரியிடம் போய்க் கேட்டாளாம். அவர் பொறுமையாக, "அவருக்குக் குடும்பம் இருக்கும்மா" என்றாராம். இவள், "அப்ப நான் என்ன சார், மழையில தானா முளைச்சு வந்தேனா" என்று கேட்டுவிட்டாள். அந்த வருஷம் அவளுக்குச் சம்பளம் ஏறவில்லை, வாயாடி என்ற பேர்தான் ஏறியது. நாலு வருஷம் விடாமல் மனு எழுதித்தான் அந்தச் சம்பள உயர்வை வாங்கினாள். வாங்கிய அன்றைக்குச் சந்தோஷமாக வருவாள் என்று பார்த்தால், "எனக்கு ஏத்திட்டாங்க, தபால் பிரிவுல இருக்கிற மூணு பொம்பளைங்களுக்கு ஏத்தலையே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரிடையர் ஆகும்போது நிதிப் பிரிவுக்கே அவள்தான் தலைவி, நாற்பது பேர் அவளுக்குக் கீழே. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், "இப்போதைக்குக் காலி இடம் இல்லை" என்று ஆபீஸ் கடிதம் மாதிரி பதில் சொல்வாள். டிவியில் நாடகம் பார்க்கும்போதுகூட, "இவ்வளவு கடனை வச்சுக்கிட்டு இவனுக்கு எப்படிடா இந்தப் பெரிய வீடு" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், கதாநாயகி அழுவது அவள் காதிலேயே ஏறாது. அத்தனையும் கணக்காகச் செய்கிறவள், சமையலில் உப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அவள் வீட்டில் சாப்பிட்ட எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை.

சனிக்கிழமைகளில் அவள் குழுவில் இருப்பாள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த அறை உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நீள மேஜை, ஜோடி சேராத நாலு நாற்காலி, சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறி. பள்ளிக்கூட லீவில் நீ அவளோடு போய் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பழைய தாள்களின் பின்பக்கம் படம் போடுவாய். மேஜைக்கு மேலே நடந்தது இதுதான். ஒரே வேலைக்கு ஆளைப் பார்த்துக் கூலி கொடுக்கிற இடங்களிலிருந்து புகார் வரும். குழுவின் செயலாளர், ஓய்வு பெற்ற டீச்சர், கம்பெனியின் பெயர், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் தாள் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அத்தையிடம் கொடுப்பார். அது அத்தையே போட்ட விதி. யாருடையது என்று தெரிந்துவிட்டால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பாள். அவளிடம் ஒரு அட்டை உண்டு, சட்டைப் பெட்டியிலிருந்து வெட்டி எடுத்தது, நடுவில் நீளமாக ஒரு ஜன்னல். அதைப் பட்டியல் மேல் வைத்தால் ஒருவர் செய்யும் வேலையும் நேரமும் அனுபவமும் மட்டும் தெரியும், ஆணா பெண்ணா என்பதும் சம்பளமும் மறைந்திருக்கும். இந்த வேலைக்கு என்ன கொடுக்கலாம் என்று தன் கையால் எழுதிக்கொண்ட பிறகுதான் அட்டையை நகர்த்துவாள். நிர்வாகத்துக்காரர்கள் வந்தால் அதே அட்டையை அவர்கள் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க சார், இந்த வேலைக்கு எவ்வளவு தருவீங்க" என்பாள். அவர்கள் ஜம்பமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அட்டையை நகர்த்துவார்கள், அப்புறம் அசடு வழிந்துகொண்டு தண்ணீர் கேட்பார்கள். பெண்களுக்கு மட்டும்தான் செய்தாள் என்று நினைக்காதே. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு, இது பொம்பளை வேலைதானே என்று ஆயாக்களுக்குக் கொடுத்ததிலும் குறைத்துக் கொடுத்தார்கள், அவருக்காக ஏழு மாதம் அலைந்தாள். இருபத்திரண்டு வருஷம், பஸ் டிக்கெட்டும் அவள் காசுதான்.

இனி என் பங்குக்கு வருகிறேன். அச்சகத்தில் நான் மேனேஜராக இருந்தது உனக்குத் தெரியும், வருஷா வருஷம் யாருக்கு என்ன கூலி என்று பட்டியல் போட்டதும் நான்தான் என்பது தெரியாது. முதலாளி கையெழுத்து மட்டும் போடுவார். மடிப்பு மெஷினில் ஆறு பேர், மூன்று ஆண், மூன்று பெண். அதே மெஷின், அதே தாள், அதே எட்டு மணி நேரம். ஆண்களை ஆபரேட்டர் என்றும் பெண்களை உதவியாள் என்றும் எழுதி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன். கெட்ட எண்ணம் இல்லை என்று சப்பைக்கட்டு கட்ட வரவில்லை, அதைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லை, அவ்வளவுதான். அந்த மூன்று பெண்களும் குழுவுக்குப் போயிருக்கிறார்கள், டீச்சர் வழக்கம்போல எல்லாப் பெயரையும் மறைத்து அத்தையிடம் கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் அச்சகம் முப்பதுக்கு மேல் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத் தாளை நீட்டினார். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு, அத்தை எப்போதும் போடுகிற மாதிரி, பார்த்ததுமே யார் எழுத்து என்று தெரிந்துவிட்டது. கடைசி வரிகள் இன்னும் எனக்கு மனப்பாடம். இந்தப் பட்டியலைப் போட்டவர் கெட்டவராகத் தெரியவில்லை, தன் கண்ணெதிரே நடப்பதை இத்தனை வருஷம் பார்க்காதவராகத் தெரிகிறார், ஆகவே இந்தப் பொறுப்பை அவரிடம் இனி விட்டுவைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். முதலாளி அதை அப்படியே செய்தார். பெண்களுக்குக் கூலி சமமானது, பழைய பாக்கியும் வந்தது. பத்தொன்பது வருஷம் மேனேஜராக இருந்தவன் காகிதக் கிடங்கில் ரீம் எண்ண உட்கார்ந்தேன். உங்களிடம், எனக்கு வயசாகிவிட்டது, இலகுவான வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று சொன்னேன்.

அன்றைக்கே அத்தை வீட்டுக்குப் போய்க் கத்தினேன். தெரிந்துதானே எழுதினாய் என்றேன். அவள் முகம் வெளுத்துப்போய், "அது உன்னோடதா" என்று மட்டும் கேட்டாள். நடிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. இப்போது தெரிந்துவிட்டதே, மாற்றி எழுதிக் கொடு என்றேன். "உன்னோடதுன்னு தெரிஞ்சதுக்காக மாத்தினா, இத்தனை வருஷம் எதுக்குடா பேரை மறைச்சு வச்சுப் பார்த்தேன்" என்றாள். ஊருக்கு நல்லவளாக இருக்கத் தம்பியைப் பலி கொடுத்துவிட்டாய், இனிமேல் என் மகளிடமும் நீ பேச வேண்டாம் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். படிக்கட்டுவரை வந்து கூப்பிட்டாள், நான் திரும்பவில்லை. நீ அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தாய். போன் செய்தால் அத்தை ரெண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டாயே, அது நான் போட்ட உத்தரவு. ஐந்து மாதம் கழித்து உன் கல்யாணம் நிச்சயமானது. முதல் கார்டில் உன் கையாலேயே அத்தைக்கு என்று எழுதி என்னிடம் கொடுத்தாய். போனிலும் அவளிடம் தேதியைச் சொன்னாய், அவள், "அப்பா வந்து கூப்பிட்டா வர்றேன் பாப்பா" என்றாளாம். என்னப்பா இவ்வளவு முறை பார்க்கிறாங்க என்று நீ முகம் சுளித்தாய். அவள் முறை பார்க்கவில்லை. உன்னோடு பேசாதே என்று சொன்ன தம்பி, வா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான் அந்தக் கார்டைக் கிடங்கு மேஜையின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து, உன்னிடமும் அம்மாவிடமும், நேரில் போய்க் கூப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். கல்யாணத்தன்று நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்கு அது தெரியும். பக்கத்தில் வந்து, அத்தைக்கு ஏதோ முக்கியமான வேலையாம் என்று சொன்னதும் நான்தான். உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத என்னால் முடியவில்லை.

மூன்று வருஷம் நாங்கள் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் நீ அங்கிருந்து போன் செய்து அழுதாய். உன்னோடு ஒரே நாளில் சேர்ந்து அதே வேலையைப் பார்க்கிற ஆளுக்கு உன்னைவிட அதிகம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த நாள் அது. எனக்கு ரத்தம் கொதித்தது. என் மகளை எவனோ ஒருத்தன் உட்கார்ந்த இடத்தில் குறைத்து எழுதியிருக்கிறானே என்று அம்மாவிடம் குதித்தேன். குதித்து ஓய்ந்த பிறகுதான் அந்த எவனோ ஒருத்தன் யார் மாதிரி இருப்பான் என்று தோன்றியது. அவன் கெட்டவனாக இருக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனாகத்தான் இருப்பான். மறுநாள் மதியம் அத்தை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "செருப்பை உள்ள கழட்டு, மாடி வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றாள், மூன்று வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. உன் விஷயத்தைச் சொன்னேன், அட்டையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். உனக்கு ஐந்து பக்கத்தில் ஒரு கடிதம் போட்டேனே, அது அன்றைக்கு அங்கே உட்கார்ந்து எழுதியதுதான். வேலையையும் நேரத்தையும் மட்டும் எழுதிப் பெயரை மறைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போ, அந்த ஆளின் சம்பளப் பேச்சை நீயாக எடுக்காதே, தொகையை அவர்கள் வாயாலேயே சொல்ல வை, நடுவில் சாரி சொல்லாதே, கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார், அவர்கள் பேசும்வரை நீ பேசாதே, பதில் சொல்லத் தேதி கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்திரு. ஒவ்வொரு வரியும் அவள் சொன்னது, எழுத்து மட்டும்தான் என்னுடையது. அக்கா சொன்னாள் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம், என் மேல இருக்கிற கோபத்துல படிக்காமத் தூக்கிப் போட்டுடுவா, இப்ப சம்பளம்தான் முக்கியம்" என்றாள். அன்றைக்குக் கிளம்பும்போது, பட்டியலைப் பார்த்தபோது என் அச்சகமாக இருக்கும் என்று தோன்றவே இல்லையா என்று கேட்டேன். "அச்சகம்னு தெரிஞ்சுது, நீயா இருக்கும்னு ஒரு நிமிஷம்கூட நினைக்கல, என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான்னு இருந்துட்டேன்" என்றாள். நான் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், எழுத வெட்கமில்லை. கல்யாணத்துக்குப் புதுத் துணி எடுத்து வைத்திருந்ததாக அப்போதுதான் சொன்னாள், அதையும் குறையாகச் சொல்லவில்லை, விலை ஜாஸ்தி என்று சொன்னாள்.

உனக்குச் சம்பளம் ஏறியது. அப்பா சொல்லிக்கொடுத்த வழி என்று நீ எல்லோரிடமும் சொன்னாய், உனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறாய் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். நான் அந்தப் பாராட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அந்த வாரமே எல்லாம் தெரிந்துவிட்டது, ஒரு மாதம் என்னோடு சாப்பாடு, மருந்து, கரண்ட் பில் தவிர வேறு பேச்சில்லை. "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அத்தையும் அதையேதான் சொன்னாள், தான் சொன்னால் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடும், தம்பியே சொல்லட்டும் என்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை, பாப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்பாள், அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் என்பேன். நீ இரண்டு தடவை வந்தாய். இரண்டாவது தடவை அத்தை குட்டிக்குக் கலர் பென்சில் வாங்கிக்கொண்டு வந்தாள், நீ தலைவலி என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டாய். அவள் இருபது நிமிஷம் கூடத்தில் உட்கார்ந்து உள்ளே குட்டி பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், பென்சிலை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நீ நாலு அடி தள்ளிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். அப்போது கதவைத் தட்டியிருக்கலாம். என் மகள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று கை எழவில்லை. அதற்குப் பிறகு அத்தை கேட்பதை நிறுத்திவிட்டாள், நானும் தப்பித்தேன் என்று இருந்துவிட்டேன்.

மூச்சுத் திணறல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அத்தைக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்று உனக்குச் செய்தி அனுப்பினேன், பார்த்துக்கோங்க என்று பதில் போட்டாய். உன்மேல் தப்பில்லை, உனக்குத் தெரிந்த கதைக்கு அதுவே ஜாஸ்தி. புதன்கிழமை காலையில், எத்தனையோ வருஷம் கழித்து மறுபடியும் கேட்டாள், "பாப்பாகிட்ட சொல்லிட்டியாடா." நான் சொல்லிவிட்டேன் என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டாள். அழுதாள், கிளம்பி வருகிறாள் என்றேன். எந்தக் கிழமை என்றாள், வெள்ளிக்கிழமை என்றேன். விமான டிக்கெட் எவ்வளவு என்றாள், ஏதோ ஒரு தொகையைச் சொன்னேன். "அநியாயமா இருக்கே, கடைசி நேரத்துல வாங்கினா அப்படித்தான் ஏமாத்துவாங்க, பாதி நான் தர்றேன்னு சொல்லு" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள், "சரி, வரட்டும்" என்றாள். ஆயுசு முழுக்க அடுத்தவர் போட்ட கணக்கில் தப்பைக் கண்டுபிடித்தவள், என் கணக்கை நம்பினாளா, தெரிந்தும் விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாம், நீயும் கிளம்பி வந்துவிடுவாய், பொய்யும் மெய்யாகிவிடும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை செய்யலாம் என்று விட்டேன். வியாழக்கிழமை அத்தை உன் அம்மாவிடம், "பாப்பா வரும்போது பரட்டைத் தலையா இருக்க வேணாம்" என்று சொல்லித் தலை வாரிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு தடவை கதவைப் பார்த்தாள். பதினொன்றரைக்குப் போய்விட்டாள்.

டீச்சர் என்னைக் கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார். மடிப்பு மெஷின் பெண்கள் மூன்று பேரும் வருகிறார்கள், அந்தப் பட்டியலைப் போட்டவன் நான், அதற்காக அக்காவைத் தண்டித்தவனும் நான் என்று அவர்கள் முன்னால் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும், இன்னொருவர் வாயால் தெரியக் கூடாது. மன்னித்துவிடு என்று மேலே இரண்டு இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய், எழுதினால் அதையும் நீ எனக்காகச் செய்ய வேண்டிய வேலையாக்கிவிடுகிறேன் என்று பட்டது. என்மேல் கோபம் வந்தால் நன்றாகக் கோபப்படு, ஆனால் அம்மாவோடு பேசுவதை நிறுத்தாதே, ஞாயிற்றுக்கிழமை போனுக்காக அவள் சனிக்கிழமையே கண்ணாடியைத் துடைத்து வைக்கிறாள். வேலையில் ராத்திரி வரை உட்காராதே, வேளைக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இந்த அப்பாவின் ஆசீர்வாதத்துக்கு இன்னும் மதிப்பு உண்டு என்று நீ நினைத்தால் அதை எடுத்துக்கொள். நினைவுப் புத்தகம் இந்த மாதம் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது, நாலு வரியோ நாற்பது வரியோ, எழுதுவதும் எழுதாததும் இனி உன் இஷ்டம். கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. நீ வருகிறாய் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன், முடிந்தால் வாம்மா.

இப்படிக்கு,
உன் கல்யாணத்துக்கு அத்தையைக் கூப்பிடாத
உன் அப்பா